செலெஸ்ட் கிளாசிக்: இடது மேல்மூலைக்கு மட்டும் டாஷ் வர மறுக்கிறது

பனிப்பாதை:
வணக்கம். நான் விளையாடுவது, ஒரு பெண் மலையேறும் செலெஸ்ட் விளையாட்டுதான்; ஆனால் 2018இல் வந்த பெரிய செலெஸ்ட் அல்ல. மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் பிக்கோ-8 என்ற, மென்பொருளாகவே இருக்கும் பழைய பாணி விளையாட்டு இயந்திரத்துக்காக நான்கே நாளில் செய்த முதல் வடிவம். 128க்கு 128 புள்ளிகள், 16 நிறங்கள். அவ்வளவு சின்னத் திரையில் அந்தப் பனியும் காற்றும் எப்படி வந்து உட்கார்ந்தன என்று இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

மூன்று நாளாக ஒரே திரையில் நிற்கிறேன். வலது மேல்மூலைக்கு டாஷ் (காற்றில் ஒரு வேகப் பாய்ச்சல்) செய்தால் அந்தப் பெண் சரியாகப் பாய்கிறாள். இடது மேல்மூலைக்கு என்றால் வெறுமனே குதித்து முள்ளில் விழுகிறாள். பக்கத்தைப் புதிதாகத் திறந்தும் பார்த்துவிட்டேன். மடிக்கணினியின் கீபோர்டில், உலாவியில்தான் விளையாடுகிறேன். என் விரல் வேகம் போதவில்லையா?

கரிசல்மண்:
நேரப் பிசகாக இருக்கலாம். குதிப்பதில் இந்த விளையாட்டு தாராளமானது: விளிம்பைத் தாண்டிய பிறகும் 6 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வரை, அதாவது ஐந்தில் ஒரு வினாடி வரை, குதிக்கலாம். டாஷுக்கு அந்தச் சலுகை கிடையாது. டாஷுக்கான எக்ஸ் விசை அழுந்தும் அதே ஃபிரேமில் எந்த அம்புக்குறிகள் அழுந்தியிருக்கின்றனவோ அதுதான் திசை. அம்புக்குறிகளை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு எக்ஸை அழுத்துங்கள்.

பனிப்பாதை:
அப்படித்தான் செய்கிறேன் அண்ணா. இப்போது இன்னும் இருபது முறை செய்து பார்த்தேன். மாற்றமில்லை.

இரவுவிளக்கு:
நேரம் தவறினால் தவறான திசையிலாவது பாய்ந்திருப்பாள். உங்களுக்குப் பாய்ச்சலே இல்லை. விழும்போது அவள் முடி என்ன நிறத்தில் இருக்கிறது? நீலம் என்றால் டாஷ் செலவாகிவிட்டது. மறுபடி அழுத்தினால் சின்னப் புகை மட்டும் வரும். சிவப்பு என்றால் விளையாட்டுக்கு உங்கள் எக்ஸ் போய்ச் சேரவே இல்லை.

பனிப்பாதை:
சிவப்பு! கீழே விழும்வரை சிவப்பு. புகையும் இல்லை.

இரவுவிளக்கு:
அப்படியானால் குற்றம் உங்கள் விரலில் இல்லை, கீபோர்டில். நோட்பேட் போல எழுதும் செயலி ஒன்றைத் திறந்து, இடது, மேல் அம்புக்குறிகளை அழுத்திப் பிடித்தபடி எக்ஸைத் தட்டுங்கள். எழுத்து விழாவிட்டால் உறுதி. விலை குறைந்த கீபோர்டுகளிலும் பல மடிக்கணினிகளிலும் விசைக்கு ஒரு தனிக் கம்பி இருக்காது. வரிசையும் நெடுவரிசையுமாக ஒரு வலைதான். சில மூன்று விசைகள் ஒன்றாக அழுந்தினால், அழுத்தாத நான்காவது விசையும் அழுந்தியதுபோல் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே கீபோர்டு மூன்றாவது விசையை விழுங்கிவிடுகிறது. எந்த மூன்று என்பது கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். வலது வேலை செய்து இடது செய்யாததற்கு இதுவே காரணம்.

செலவில்லாத வழி இருக்கிறது. பிக்கோ-8இல் எக்ஸுக்குப் பதிலாக வி, எம் விசைகளும் செல்லும். குதிக்க சி தவிர இசட், என். முதலில் வி-யை முயலுங்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் கேம்பேட் இணைத்துவிடுங்கள்.

பனிப்பாதை:
நோட்பேடில் ஒரு எக்ஸ்கூட விழவில்லை. வி-க்கு மாறினேன், முதல் முயற்சியிலேயே பாய்ந்தாள். இரண்டு பேருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மூன்று நாளாக என் கையையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பனிப்பாதை:
இன்னொரு செய்தி. நேற்றிரவு 1100 மீட்டரைத் தாண்டினேன். அடுத்த திரையில் உயரம் காட்டவில்லை, 'பழைய இடம்' என்று மட்டும் வந்தது. இசையும் மாறியது. அங்கே ஒரு கல். அருகில் போனதும், ஏறும்போது மாண்டவர்களுக்கான நினைவுச்சின்னம் என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. நாற்பது, ஐம்பது முறை விழுந்து எழுந்து அங்கே போய் நின்றபோது கை தானாக விசையை விட்டுவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் மேலே ஏறினேன்.

கரிசல்மண்:
நானும் அங்கே நின்றிருக்கிறேன் தம்பி. பெட்டி ஒன்று வரும்வரை ஏறிக்கொண்டே இருங்கள். அதற்குப் பின் முடியின் நிறத்தை மறுபடி கவனியுங்கள்.