மறுமொழி: இசையை மனம் ஊன்றிக் கேட்கும் பயிற்சிக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நான்கு நாள்களாக இந்த இழையைப் படித்துவருகிறேன். ‘மைண்ட்ஃபுல்னஸ்’ முறையில், அதாவது மனம் ஊன்றி, இசை கேட்பதற்கு மனநிறைவு இசை கேட்டல், விழிப்புணர்வு இசை, ஆழ்ந்து கேட்டல், அவதானக் கேட்டல் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எதுவும் மனத்துக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன்.

முதலில், எந்தக் காரியத்துக்குப் பெயர் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கைப்பேசிகள் வாசலில் ஒரு கூடைக்குள் போய்விடும். ஒரே ஓர் இசை, எட்டு அல்லது பத்து நிமிடம். கேட்பது மட்டுமே வேலை. மனம் மின்கட்டணத்துக்கோ மகள் கல்யாணத்துக்கோ ஓடினால், ஓடியதைக் கவனித்து, கடிந்துகொள்ளாமல், மறுபடி ஒலிக்குத் திரும்ப வேண்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ராகத்தின் பெயரையும் தேடக் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் பெரும் சோதனை. மதுரை மணி ஐயரும் மதுரை சோமுவும் எம். எஸ். அம்மாவும் பாடிப் பெயர் பெற்ற நாட்டில், பக்கத்து இருக்கைக்காரரின் தொடையைத் தட்டி ‘கரகரப்பிரியா’ என்று கிசுகிசுக்காவிட்டால் கச்சேரி கேட்டதாகவே கணக்கில்லை.

சென்ற வாரம் ஒரு பழைய நாதஸ்வர ஆலாபனை. சுருதிப்பெட்டி அல்ல, ஒரே சுருதியை விடாமல் ஊதும் துணைக்குழலான ஒத்தே ஊதுகிற பதிவு. முடிந்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பூக்கட்டும் அம்மா ஒருவர்தான் மெல்லச் சொன்னார்: “அந்த ஒத்து நின்ற பிறகுதான் ஐயா, இவ்வளவு நேரம் அது ஊதிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரிந்தது. கோயில் வாசலில் முப்பது வருஷமாகக் கேட்கிறேன்.” அடுத்த முறை அதே பதிவைப் போட்டபோது அவர் ஒத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

அவர் செய்ததற்குத்தான் பெயர் வேண்டும்.

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம். ‘மனநிறைவு’ விருந்து சாப்பிட்டுக் கைகழுவியவனுக்கு வருவது. மைண்ட்ஃபுல்னஸ் என்பதை மைண்ட் மனம், ஃபுல் நிறைவு என்று துண்டு துண்டாக உடைத்துப் பெயர்த்ததால் வந்த வினை. இயந்திர மொழிபெயர்ப்பில் ‘நினைவாற்றல்’ என்று வருகிறது. வல்லாரை லேகியத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ‘விழிப்புணர்வு’ டெங்குவுக்கும் தலைக்கவசத்துக்கும் நேர்ந்துவிடப்பட்ட சொல். காதின் வேலைக்கு விழியை அழைப்பானேன் என்பது வேறு.

‘ஆழ்ந்து கேட்டல்’ நல்ல தமிழ்தான், ஆனால் அந்த இடம் காலியாக இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1988இல் வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்தடியிலுள்ள வெற்று நீர்த்தொட்டி ஒன்றுக்குள் இறங்கி வாசித்தார். ஓர் ஒலி அடங்க அங்கே 45 நொடி ஆகும். மறு ஆண்டு வெளியான அந்த இசைத்தட்டின் பெயரான ‘டீப் லிசனிங்’ (ஆழ்ந்து கேட்டல்) என்பதுதான் பிறகு அவர் வளர்த்த தனிப் பயிற்சிமுறைக்கும் ஆயிற்று. அதற்கு ‘ஆழ்கேட்பு’ என்பதை ஒதுக்கிவைக்கலாம்.

ஈழத்து அன்பர் கவனம் என்ற பொருளில் சொன்ன ‘அவதானம்’ எனக்குப் பிடித்த சொல். இந்தப் பக்கத்தில் ஒரே இடைஞ்சல்: அவதானம் என்றதும் அட்டாவதானிதான் நினைவுக்கு வருவார். ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்த்தவர் அவர். நாங்கள் ஒரு வேலையைப் பார்க்கவே திணறுகிறோம்.

மைண்ட்ஃபுல்னஸை ஒரு பயிற்சியாக 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுபோனவர் ஜான் கபாட்-சின். கருத்து அதைவிட மிகப் பழையது: பாலி மொழியில் ‘சதி’, வடமொழியில் ‘ஸ்மிருதி’. வேர்ப்பொருள் நினைவு, மறவாமை. பௌத்தத்தின் எண்வகை வழியைத் தமிழில் சொன்னவர்கள் இதை ‘நற்கடைப்பிடி’ என்றார்கள். பழைய அகப்பொருள் இலக்கண உரையான இறையனார் களவியல் உரையும் கடைப்பிடிக்குக் ‘கொண்ட பொருள் மறவாமை’ என்றே பொருள் சொல்கிறது. எவ்வளவு கச்சிதம்! ஆனால் இன்று ‘வரிசையைக் கடைப்பிடிக்கவும்’ என்று பலகை தொங்குகிறது. அந்தச் சொல்லை மீட்க முடியாது.

என் சொல் முல்லைப்பாட்டிலிருந்து. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி. கணவன் போர்ப்பாசறையில் இருக்கிறான். தலைவி எழுநிலை மாடத்தில் கிடக்கிறாள். தன்னைத் தானே தேற்றிப் பார்க்கிறாள், கழலும் வளையைத் திருத்துகிறாள், பெருமூச்சு விடுகிறாள், அம்பு பட்ட மயில்போல நடுங்குகிறாள். வெளியே மழை. கூரையின் மடங்கிய இறவாரத்திலிருந்து நீர் அருவியாகக் கொட்டுகிறது. அதன் ‘இன்பல் இமிழிசை ஓர்ப்பனள் கிடந்தோள்’ என்கிறார் நப்பூதனார். துயரம் தீர்ந்துவிடவில்லை, துயரத்தோடேயே கிடந்து மழைநீரின் ஓசையைக் கேட்கிறாள். நம் பயிற்சி இதைவிட அதிகமாக எதையும் வாக்களிக்கவில்லை, வாக்களிக்கவும் கூடாது.

ஓர்த்தல் என்றால் இங்கே செவிகொடுத்து உற்றுக் கேட்டல். ஆக, ‘இசையோர்ப்பு’. செய்பவர் ஓர்ப்பவர், ‘ஓர்த்துக் கேளுங்கள்’ என்று ஏவலாகச் சொல்லலாம். குமுளி மலையைத் தாண்டினால் மலையாளத்தில் ‘ஓர்மை’ என்றால் நினைவு. ‘சதி’யின் வேர்ப்பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது. அந்த அடியில் ‘இசை’ மழைநீரின் ஓசைதானே என்று யாராவது கேட்கக்கூடும். தமிழில் இசை இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நமக்கு வசதிதான். நாளைக்கு மின்விசிறிச் சத்தத்தை ஓர்க்கச் சொன்னாலும் பெயர் மாறாது.

இரண்டு வேலிகள். பயிற்சி பெற்றவர் ஒரு நோயாளிக்கென இலக்கு வைத்து நடத்துவது இசைச் சிகிச்சை. அந்தச் சொல் இதில் கலக்க வேண்டாம். தூங்கவைக்கும் இசையும் வேறு. அகநானூறு 102இல் மலைநாட்டுப் பெண்ணான கொடிச்சி குறிஞ்சிப் பண் பாட, தினை மேய வந்த யானை கதிரையும் தொடாமல் இடத்தையும் விட்டு நகராமல் உறங்கிப்போகிறது. அழகான காட்சி. ஆனால் அந்த யானை எங்கள் வகுப்பில் தேறாது.

அன்புடன்,
மதுரையிலிருந்து

————

மறுமொழி 2

ஐயா, வணக்கம். நான் மனநல ஆலோசகர், திண்டுக்கல். சொல் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு தடை. நீங்கள் சொன்ன அதே களவியல் உரையில் அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று ஆண்மகனுக்கு நான்கு குணங்கள் வருகின்றன. அங்கே ஓர்ப்பு என்றால் ஆராய்தல். ஆராயாதே, எடைபோடாதே என்றுதான் நான் வருகிறவர்களிடம் தினமும் மன்றாடுகிறேன். பெயரிலேயே ஆராய்ச்சியை வைத்துக் கொடுக்கிறீர்களே? இன்னொன்று, என்னிடம் வருகிற பெண்கள் ‘ஓர்ப்பு’ என்றால் ஈர்ப்பா, வார்ப்பா என்பார்கள். ‘காது கொடுத்துக் கேட்டல்’ போதாதா?

————

மறுமொழி 3

தங்கைக்கு, வணக்கம். முதல் தடை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அந்த நால்வரிசையை நானும் பார்த்தேன். வசதியாகக் கடைப்பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர்ப்பை விட்டுவிட்டேன். பிடிபட்டேன். ஆனாலும் ‘இசை’ முன்னால் வந்து நின்றதும் பொருள் செவிக்குத் திரும்பிவிடுகிறது. தனியே ‘ஓர்ப்பு’ என்று மட்டும் எங்கும் எழுதக் கூடாது என்று ஒரு குறிப்புச் சேர்த்துவிடுகிறேன்.

‘காது கொடுத்துக் கேட்டல்’ வகுப்பில் சொல்ல மிக நல்லது. ஆனால் ஒருவர் குறையைக் காது கொடுத்துக் கேட்பதற்கும் அதுவேதான் சொல். உங்கள் தொழிலில் அது தினமும் நடக்கிறது, இரண்டும் மோதும். அதனால் இப்படிச் செய்கிறேன்: பயிற்சித்தாளின் தலைப்பு ‘இசையோர்ப்பு’, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘இசைக்குக் காது கொடுக்கும் பயிற்சி’. வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் வேறு தடை இருந்தால் எழுதுங்கள்.

பூக்கட்டும் அம்மாவிடம் நேற்று இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். ‘ஓர்ப்பு’ என்பதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “எங்கள் பாட்டி ‘ஓர்மையாய்க் கேள்’ என்பாள், அதுதானே?” என்றார்.