அந்தப் பத்து ஆறும் 90 சதவீதமும்

அடையாறு அருள்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "கடல் பிளாஸ்டிக்கில் 90 சதவீதம் 10 ஆறுகளிலிருந்து வருகிறது. தாமிரபரணியில் வலை போட்டுப் பிளாஸ்டிக்கை எண்ணுவது வெட்டிச் செலவு." படித்ததும் காபி கசந்துவிட்டது. எதில் 90 சார்?

கணக்குப்பிள்ளை:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லக் கூச்சமா தம்பி? 2017-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் மையத்து ஆய்வு, 88 முதல் 95 சதவீதம். யாங்சி, சிந்து, கங்கை, மீகாங், நைல், நைஜர்... தாமிரபரணி அதில் இருக்கிறதா? இல்லை. முடிந்தது கதை.

அடையாறு அருள்:
ஆறுகள் கொண்டுபோவதில்தான் 90. கடலில் கிடக்கும் மொத்தத்தில் இல்லை. அறுந்த மீன்வலையெல்லாம் ஆற்றிலா வந்தது? அந்தக் கணக்கே 57 ஆறுகளின் மாதிரியை வைத்துப் போட்டது. 2021-ல் வந்த ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் சேர்ந்துதான் 80 சதவீதம் என்கிறது. முதலிடம் மணிலாவின் பாசிக். 30 கிலோமீட்டர்கூட ஓடாத ஆறு.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆற்றில் குப்பை அள்ளும் இயந்திரம் செய்கிறவர்கள். ஆயிரம் ஆறு என்றால் ஆயிரம் இயந்திரம். நான் சொல்வது 90.

பாபநாசத்தான்:
அண்ணாச்சி, இங்கே பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப் போகும் துணியை அள்ளி மாளவில்லை. போன வாரம் பாறை இடுக்கில் ஒரு சேலை. இரண்டு பேர் இழுத்தோம், பாசி ஏறிக் கல்லாகக் கனத்தது. சாயம்கூடப் போகவில்லை, முழுக்க பாலியஸ்டர். இது உங்கள் 90-ல் சேருமா?

கணக்குப்பிள்ளை:
துணி பிளாஸ்டிக் இல்லை ஐயா.

பாபநாசத்தான்:
தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டரும் ஒரே சரக்கு.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் குப்பைதான், கழற்றிவிட்டு வாருங்கள்.

அடையாறு அருள்:
சட்டையை விடுங்கள். மாதிரி எடுக்கும் வலையின் கண் பெரும்பாலும் 0.33 மில்லிமீட்டர். சேலையிலிருந்து உதிரும் நூலிழை அதில் நழுவிப் போய்விடும். அப்புறம், ஒருநாள் எண்ணினால் ஒன்றும் தெரியாது. சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்று நானே எண்ணியிருக்கிறேன். மழைக்கு மறுநாள் பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல் என்று நோட்டில் கோடு போட்டே கை வலித்தது. வெயில் காலத்தில் அதே இடத்தில் எல்லாம் ஆகாயத்தாமரையில் சிக்கி அசையாமல் கிடந்தது. எந்த நாளை நம்புவீர்கள்?

கணக்குப்பிள்ளை:
பாலத்தில் நின்று விரல் விட்டு எண்ணுவது ஆய்வா? 2015-ல் "அடையாறு கரை தாண்டாது, பயப்படாதீர்கள்" என்று இங்கே எழுதியவர்தானே நீங்கள்?

அடையாறு அருள்:
எழுதியது நான் இல்லை. அந்த விவாத இழையை அழித்த மட்டுறுத்துநர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மேலும், பாலத்திலிருந்து எண்ணுவதும் உலகமெங்கும் இருக்கிற முறைதான்.

சும்மா இருப்பவன்:
மறுபடியும் 2015-ஆ? போன மாதம் மஞ்சப்பை இழையிலும் இதே சண்டைதானே.

கணக்குப்பிள்ளை:
மஞ்சப்பையிலும் நான் சொன்னதுதான் சரி. அழித்தது விதிமீறலுக்காக. பேச்சை மாற்ற வேண்டாம்: 10 ஆறு, 90 சதவீதம். யாராவது மறுத்தீர்களா?

அடையாறு அருள்:
காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!

கணக்குப்பிள்ளை:
நாளை முழுப் பட்டியலையும் போடுகிறேன். அதுவரை 90.

பாபநாசத்தான்:
சேலைக்கு இன்னும் பதில் வரவில்லை அண்ணாச்சி.