301 வழிமாற்றத்தில் போஸ்ட் கோரிக்கை கெட் ஆக மாறுவது ஏன்?

கேள்வி:
படிவத்தை ஏற்கும் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 (நிரந்தர வழிமாற்றத்தைக் குறிக்கும் எச்டிடிபி நிலைக் குறியீடு) மூலம் வழிமாற்றினால், போஸ்ட் கோரிக்கை (சர்வருக்குத் தரவை அனுப்புவது) அங்கே கெட் கோரிக்கையாக (பக்கத்தைக் கேட்டுப் பெறுவது மட்டும்) வந்து சேர்கிறது. நிரப்பிய தரவும் வருவதில்லை. இது சர்வரின் கோளாறா?

மறுமொழி 1:
கோளாறு அன்று. 301, 302 (தற்காலிக வழிமாற்றம்) இரண்டிலும் உலாவிகள் போஸ்ட்டைக் கெட்டாக மாற்றுவது தொடக்கக் காலத்திலேயே வழக்கமாகிவிட்டதால், 2022இல் வெளியான எச்டிடிபி தர ஆவணமான ஆர்எஃப்சி 9110 வரலாற்றுக் காரணம் கருதி அதை அனுமதிக்கிறது. கோரிக்கையின் முறையும் தரவும் மாறாமல் செல்ல வேண்டுமெனில், நிரந்தர மாற்றத்துக்கு 308ஐயும் தற்காலிக மாற்றத்துக்கு 307ஐயும் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 2:
உடனே 308க்குத் தாவ வேண்டாம் என்பேன். 301ஐப் போலவே அதையும் உலாவி சேமித்து வைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், நீங்கள் பின்னர் சர்வரில் திருத்தினாலும் ஏற்கெனவே வந்துபோன பயனர்கள் பழைய திசையிலேயே செல்வார்கள். முதலில் 307 வைத்துச் சோதியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. படிவம் பதிவான பின் ஒப்புகைப் பக்கத்துக்கு அனுப்புவதற்கும் 307தானா?

மறுமொழி 1:
இல்லை, அதற்கு 303. அங்கே கெட் ஆக மாறுவதே நோக்கம்.