வாட்ஸ்அப் குழுவில்தான் ஆர்டர் வருகிறது, ஜெர்மனி பையர் படிவம் கேட்கிறார் – அவசர உதவி

கரூர்_தறி: வணக்கம். கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி ஆபீஸ். ஜெர்மனி பையர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். தகவல் எந்த நாட்டில் இருக்கிறது, யார் யார் பார்க்க முடியும் என்று கேள்விகள். எங்களுக்கு எல்லாமே வாட்ஸ்அப் குழுதான். எந்த நாடு என்று எழுதுவது? நாளைக்கு அனுப்பியாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

நொய்யல்கரை: சாதாரண வாட்ஸ்அப்பா, பிசினஸ் ஆப்பா? குழுவில் என்னதான் போகிறது? டிசைனும் விலையும் மட்டும் என்றால் ஜிடிபிஆர் (ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) கவலை குறைவு. ஆள் பெயர், முகவரி வந்தால் கதையே வேறுங்க.

சென்னிமலை_சர்வர்: நாடு கேட்டால் "கரூர்" என்று எழுதும்படி செய்துவிடுங்கள். மேட்ரிக்ஸ் (சொந்த சர்வரிலேயே அரட்டை நடத்த உதவும் திறந்த முறை) போட்டு ஆபீஸிலேயே சர்வர் வையுங்கள். ஜெர்மனி ராணுவத்தின் பிடபிள்யூ மெசஞ்சர் ஆப்பும் பிரான்ஸ் அரசின் சாப் (Tchap) ஆப்பும் மேட்ரிக்ஸ்தான்.

அவிநாசி_சீனியர்: ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் இன்னும் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காதது வருத்தமாக இருக்கிறது. 28-வது பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கோபி_வாய்க்கால்: சர்வர் எதற்கு? ஜோஹோவின் அரட்டை ஆப்புக்கு மாறுங்கள். நம் ஊர் கம்பெனி, தகவல் நாட்டுக்குள்ளேயே இருக்கும்.

சென்னிமலை_சர்வர்: 2025 செப்டம்பரில் எல்லாரும் அதற்குத் தாவியபோது எழுத்துச் செய்திக்கு முனைக்கு முனை குறியாக்கமே (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) கிடையாது. நம் ஊர் என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

கோபி_வாய்க்கால்: அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தால் மட்டும் பாதுகாப்பா? 2018 கிளவுட் சட்டப்படி, சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்க அரசு சட்டப்படி ஆணையோடு கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

நொய்யல்கரை: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கேட்டவர் இன்னும் பதிலே சொல்லவில்லை.

கரூர்_தறி: சாதாரண வாட்ஸ்அப்தாங்க. துண்டு, ஏப்ரனில் பெயர் எம்பிராய்டரி போட்டு, முகவரி லேபிள் ஒட்டி அனுப்புகிறோம். அந்த எக்செல் பையரிடமிருந்து குழுவுக்குத்தான் வரும். குழு ஆரம்பித்த மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனித்த ஊழியர்) தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். அட்மின் அவர் மட்டும்தான், இன்னும் குழுவில் இருக்கிறார்.

நொய்யல்கரை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமேங்க! எந்த நாடு என்பது அப்புறம். ஜெர்மனிக்காரர்களின் வீட்டு முகவரி வேலையில் இல்லாத ஒருவர் கைக்குத் தினமும் போய்க்கொண்டிருக்கிறது. அவர் அட்மினாக இருக்கும்வரை நீங்கள் அவரை நீக்க முடியாது. இன்றைக்கே கம்பெனி சிம்மில் புதுக் குழு தொடங்குங்கள், பழையதில் இனி ஒரு ஷீட்டும் வரக்கூடாது. ஏற்கெனவே அவர் போனில் இறங்கியது அங்கேயேதான் இருக்கும், நேரில் பேசி அழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒவ்வொருவர் போனிலும் அமைப்புகள், சாட்ஸ், பேக்கப் போய்ப் பாருங்கள். முனைக்கு முனை குறியாக்கம் பேக்கப்புக்குத் தானாக வராது, நாமே போட வேண்டும். போடாவிட்டால் அந்த ஷீட் எல்லாம் அவரவர் சொந்த கூகுள் டிரைவில் அந்தப் பூட்டு இல்லாமல் கிடக்கும். படிவத்தில் இதை மறைக்காதீர்கள். ஆள் விலகியதையும் பையரிடம் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள். தகவல் கசிந்தால் கண்காணிப்பு அமைப்பிடம் தெரிவிக்க வேண்டிய 72 மணி நேரக் கெடு அவர் தலையில்தான் விழும், நீங்கள் சொன்னால்தான் அவருக்கே தெரியும்.

அவிநாசி_சீனியர்: இதைத்தான் 28-வது பிரிவு என்றேன். முகவரியை அவருக்காகக் கையாளுகிறீர்கள், அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். இந்தியாவுக்கு ஐரோப்பாவின் போதுமை அங்கீகாரம் (அந்த நாட்டின் தகவல் பாதுகாப்பு போதுமானது என்ற ஒப்புதல்) கிடையாது என்பதால் 2021-ன் நிலையான ஒப்பந்த ஷரத்துகளையும் கேட்டு வாங்குங்கள்.

சென்னிமலை_சர்வர்: நான் சொன்னதும் அதுதானே. சொந்த சர்வர் இருந்திருந்தால் ஆள் போன அன்றைக்கே கணக்கை மூடியிருக்கலாம்.

பவானி_ஆற்றோரம்: மூடலாம். ஆனால் அந்த சர்வருக்கு அப்டேட் போட ஆள் வேண்டுமே? எங்கள் ஆபீஸில் வைத்துக் கொடுத்தவர் பெங்களூர் போய்விட்டார். கடவுச்சொல் யாரிடமும் இல்லை.

சென்னிமலை_சர்வர்: அது சர்வரின் குற்றமா?

கோபி_வாய்க்கால்: ஆள் இல்லாத சின்ன ஆபீஸுக்கு அதுவும் ஒரு குற்றம்தான்.

கரூர்_தறி: புதுக் குழு தொடங்கியாச்சு, ஓனர் சிம்மில். இரண்டு பேர் போனில் பேக்கப் திறந்துதான் கிடந்தது. பையரிடம் எல்லாம் சொன்னேன், வெள்ளி வரை நேரம் கொடுத்திருக்கிறார். ஷீட் இனி வேறு வழியில் அனுப்புவாராம். நன்றிங்க.