புதுப்பிப்பு: ஜிப்சம் போர்டு வேலை கற்க வருபவர்களுக்கு

சேலத்தில் இத்தொழிலுக்கு வருபவர்கள் ஃபிரேம் (போர்டைத் தாங்கும் உலோகச் சட்டம்) அடிப்பதில் தொடங்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். தொடர்ச்சி இது.

பார்ட்டிஷனுக்கு (அறைத் தடுப்புச் சுவர்) 12.5 மி.மீ. போர்டு, ஸ்டட் (ஃபிரேமின் செங்குத்துக் கம்பம்) இடைவெளி 2 அடி, ஸ்க்ரூ ஓர் அடி நீளத்துக்கு ஒன்று. ஸ்க்ரூ தலை போர்டின் மேலுள்ள காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே அமிழ வேண்டும். கிழிந்தால் பிடிப்பு போய்விடும், பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். தரையிலிருந்து போர்டை 10 மி.மீ. தூக்கியே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தரை கழுவும் தண்ணீரை உறிஞ்சும்.

கூலியை உயர்த்துவது ஜாயிண்ட் வேலைதான், அதாவது இரண்டு போர்டு சேரும் இடுக்கை மூடுவது. பேப்பர் டேப், காம்பவுண்ட் (இடுக்கை நிரப்பும் பசை) மூன்று கோட், ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் காம்பவுண்ட் மெதுவாகவே காயும். ஈரத்தின் மேல் அடுத்த கோட் இழுத்தால், பிறகு சுருங்கி, பெயிண்டில் மயிரிழை விரிசல் விழும். அவசரப்படுத்தும் வீட்டுக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளியலறைப் பக்கச் சுவருக்கு ஈரம் தாங்கும் பச்சை போர்டுதான்.