ஆச்சி இறந்து ஆறு வருசம் ஆச்சு: மாமாவுக்குக் குடும்ப ஓய்வூதிய நிலுவை கிடைக்குமா?

குழித்துறைக்காரி:
அம்மாவின் அண்ணனுக்கு வயது 67. மூணு வயசில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போச்சு. கம்பி வைத்த பூட்ஸ் போட்டுத்தான் இத்தனை காலம் நடந்தார், இப்போ அதுவும் முடியல. கல்யாணம் ஆகல. 2019 மார்ச்சில் ஆச்சி போனதும் தக்கலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம்.

தாத்தா தபால்காரர். 1996-ல் அவர் இறந்தபின் ஆச்சிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. ஆச்சியோடு அது முடிஞ்சுதுன்னே இருந்துட்டோம். போன வாரம் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "உங்க மாமாவுக்கு வருமே" என்றார். ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "ஆறு வருசம் என்ன செய்துட்டு இருந்தீங்க? இனி போட்டா இனிமேலுக்குத்தான். ஹோமில் இருக்கிறவருக்கு அதுவும் கிடையாது" என்று அனுப்பிட்டாங்க.

மாமாவின் மாற்றுத்திறனாளி அட்டை 2022-ல் எடுத்தது. ஆச்சி இறந்தபிறகு எடுத்த அட்டை செல்லுமா?

பென்ஷன் பெரியப்பா:
மக்களே, அங்கே சொன்னது ரெண்டும் தப்பு. ஆச்சி இறந்த மறுநாளே மாமாவின் உரிமை தொடங்கியாச்சு. மனு கொடுத்த தேதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. தாசில்தார் ஆபீஸ் வழி மாற்றுத்திறனாளிக்கு வரும் 1,500 ரூபாய் உதவித்தொகையோடு இதைப் போட்டுக் குழப்புறாங்க. இது தாத்தா உழைத்த உழைப்பின் பாக்கி. மத்திய குடிமைப் பணி ஓய்வூதிய விதிகள் 2021, விதி 50 படிச்சுப் பாருங்க. முதியோர் இல்லத்தில் இருந்தால் கிடையாதுன்னு எங்கேயும் இல்லை.

அட்டை 2022 என்பதால் மட்டும் தள்ள முடியாது. ஆச்சி உயிரோடு இருக்கும்போதே அந்த ஊனம் இருந்ததுன்னு அதிகாரிக்குத் திருப்தி வரணும், அவ்வளவுதான். ஆனா அட்டையில் உள்ள ஊன சதவீதத்தை நம்பி உட்காராதீங்க. "பிழைப்புக்குச் சம்பாதிக்க இயலாதவர்" என்கிற வரி மருத்துவக் குழு சான்றில் இருக்கணும். பாதி மனு திரும்பி வருவது இந்த ஒரு வரி இல்லாமத்தான். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் கேளுங்க. குழுவில் எலும்பு மருத்துவர் ஒருத்தர் இருக்காரான்னும் பாருங்க.

குளச்சல் அக்கா:
எங்க தம்பிக்கு வாங்கினோம், அதனால சொல்றேன். தாத்தாவின் ஓய்வூதிய ஆணையில் மாமா பேர் இல்லைன்னா பயப்படாதே. அதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது. வாரிசுச் சான்றும் பள்ளிக்கூடச் சான்றும் வை. பணம் மாமாவின் சொந்தக் கணக்கில்தான் விழணும். எங்க இல்லத்து நிர்வாகி "எங்க கணக்கைக் கொடுங்க, சௌகரியம்" என்றார். கொடுக்கல. மாமாவுக்குப் புத்தி தெளிவாத்தானே இருக்கு, கார்டியனே வேண்டாம்.

மாமாவுக்கு வேற வருமானம், அவர் பேரில் ரப்பர் மரம் ஏதாவது இருக்கா?

குழித்துறைக்காரி:
அக்கா, 18 சென்ட் இருக்கு. மழைக்காலத்தில் பால் வெட்டே கிடையாது. மாசம் சராசரி ரெண்டாயிரம் வந்தால் பெரிசு. அதோட அந்த 1,500-ம் வருது.

பென்ஷன் பெரியப்பா:
தப்பிச்சீங்க. குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் 9,000, அதுமேல் அகவிலை நிவாரணம். 2025 ஜனவரிக் கணக்கில் 55 சதவீதம், ஆக 13,950. மற்ற வருமானம் அதுக்குள்ளே இருந்தால் போதும். 2021 பிப்ரவரியில் வரம்பைத் தளர்த்தினாங்க, அதுக்கு முந்தின கணக்கிலும் ரப்பர் இடிக்காது. ரப்பர் வருமானத்தை மறைக்காம எழுதுங்க. ஆணை வந்ததும் அந்த 1,500-ஐ நீங்களே எழுதிக் கொடுத்து நிறுத்திடுங்க, இல்லாட்டி பின்னால் பிடிப்பாங்க.

மனு நாகர்கோவிலில் இருக்கிற கன்னியாகுமரி அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு, விரைவுத் தபாலில், ஒப்புகையோடு. "2019 மார்ச்சில் தாயார் இறந்த மறுநாள் முதல்" என்று தேதி போட்டே கேளுங்க. மொட்டையாக் கேட்டால் மொட்டையாத்தான் தருவாங்க. நிலுவை மொத்தமா வரும்போது வரிச்சலுகைக்கு உரிய படிவம் போட மறக்காதீங்க.

குளச்சல் அக்கா:
இன்னொண்ணு, நவம்பரில் உயிர்ச்சான்று. தம்பிக்கு விரல் ரேகை தேஞ்சு மெஷின் எடுக்கவே இல்லை, செல்போனில் முகத்தைக் காட்டி முடிச்சோம். தபால்காரர் இல்லத்துக்கே வந்தும் எடுத்துத் தருவார்.

குழித்துறைக்காரி:
நேத்து ஆச்சியின் தகரப் பெட்டியைக் கிளறினேன். மாமாவின் பள்ளி மாற்றுச் சான்று, 1973. பழுப்பேறி மடிப்பில் கிழிஞ்சிருக்கு. அங்க அடையாளம் என்கிற இடத்தில், மச்சம் எழுதுற வரியில், நீல மையில் "இடது கால் ஊனம்". மாமாகிட்ட காட்டினேன். "அந்த வாத்தியாருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்" என்றார்.

பெரியப்பா, இது போதுமா? லேமினேட் பண்ணலாமா?

பென்ஷன் பெரியப்பா:
லேமினேட் பண்ணாதே! நகலில் சான்றொப்பம் வாங்கி அனுப்பு. அசலைக் கேட்டால் நேரில் காட்டிட்டுக் கையோட வாங்கிட்டு வந்திரு. திங்கட்கிழமை ஆசாரிபள்ளம் போகும்போது இதையும் எடுத்துட்டுப் போ.