இங்கிலீஷ் ஆர்ட்டிகிள் எ, ஆன், தி: நம்ம ஏரியா ஆளுங்களுக்கு நடந்த கூத்த எல்லாம் இங்க கொட்டுங்க

சத்துவாச்சாரி டியூஷன் அக்கா:
எப்போ எ, எப்போ ஆன்னு கேட்டா ஏ ஈ ஐ ஓ யூ முன்னாடி ஆன்னு தூக்கத்துல எழுப்பினாலும் ஒப்பிப்பாங்க நம்ம புள்ளைங்க. எழுத்த பாக்காதீங்கடா, சத்தத்த கேளுங்கன்னு நான் சொல்லுவேன். வம்பே அங்க தான் ஆரம்பிக்குது. நம்ம வாய்ல எம் வராது, யெம் தான் வரும், எல்ஐசி யெல்லைசி ஆயிடும், எம்எல்ஏ யெம்மெல்லே ஆயிடுவாரு. சத்தத்த கேட்டு போடுன்னா பையன் நிஜமாவே கேட்டுட்டு 'எ எம்எல்ஏ'ன்னு போடுறான், அவன் காதுல ய தானே விழுது, ய வந்தா எ போடணும்னு சொன்னதும் நான் தானே, அவன் லாஜிக்ல என்ன குத்தம் சொல்றது? 'ஒன்'ங்கற சொல்லுக்கும் இதே கதை. இங்கிலீஷ்காரன் வன்னுன்னு சொல்றதால 'எ ஒன் ருபீ காயின்' தான் சரி, நம்ம ஆளு ஒன்னுன்னு வாய குவிச்சு சொல்லிட்டு ஆன் போட்டுடுவான். மணி நேரத்துக்கு நாம ஹவர்னு ஹ-வ அழுத்துறோம், அவங்க அவர்னு முழுங்கிடறாங்க, அதனால 'ஆன் அவர்'. அதனால முதல்ல வாய சரி பண்ணிட்டு அப்புறம் தான் ரூலுக்கு வர்றேன் இப்பல்லாம்.

நம்ம வேலூரு ஆஸ்பத்திரி ஊரு, அதுலயே உதாரணம் கொட்டிக் கெடக்கு. ஆன் எக்ஸ்ரே, ஆன் ஈசிஜி, ஆன் எம்ஆர்ஐ, எ சிடி ஸ்கேன். யூ-ல ஆரம்பிக்கற ரெண்ட பக்கத்துல பக்கத்துல எழுதிப் போட்டா புரிஞ்சுடும்: ஆன் அல்ட்ராசவுண்ட், எ யூரின் டெஸ்ட். எழுத்து ஒண்ணு தான், சத்தம் வேற. இத விட நல்ல ஜோடி எந்த கிராமர் புக்லயும் நான் பாக்கல.

உங்களுக்கு நடந்தத சொல்லுங்க. ரூல காப்பி பண்ணி ஒட்ட வேணாம் ப்ளீஸ்.

ராணிப்பேட்டை லெதர்காரன்:
அக்கா, எ-வா ஆன்-ஆன்னு மாத்திப் போட்டா சிரிப்பாங்க, அவ்ளோ தான். எ-வ போடவே இல்லன்னா காசு போகும், நான் கண்ணால பாத்தேன். நான் முன்னாடி வேல செஞ்ச ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனி, பேரு வேணாம். மெர்ச்சண்டைசர் (ஆர்டர பாத்துக்கறவரு) ஒருத்தர், அனுபவஸ்தர் தான், ஜெர்மனி பையருக்கு மெயில் போட்டாரு, 'தேர் ஈஸ் லிட்டில் டிலே இன் ஷிப்மென்ட்'னு. அவரு சொல்ல வந்தது கொஞ்சம் லேட் ஆகும்னு. எ போட்டு 'எ லிட்டில் டிலே'ன்னா தான் கொஞ்சம் லேட். எ இல்லாம வெறும் லிட்டில்னா லேட்டு ஒண்ணும் பெருசா இல்லன்னு அர்த்தம், கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னு. பையர் நிம்மதியா இருந்துட்டாரு, அங்க கடைக்கு தேதி சொல்லிட்டாரு. கடைசில கப்பல்ல போவேண்டிய சரக்க ஃப்ளைட்ல ஏத்துனாங்க, ஏர் ஃப்ரைட் காசு முழுக்க கம்பெனி தலைல. மெயில்ல ஒத்த எழுத்து.

ஃப்யூ-வும் அப்படியே. 'ஃப்யூ பீசஸ் ஹேவ் லூஸ் கிரெய்ன்'னு க்யூசி ரிப்போர்ட்ல, அதாவது தரம் செக் பண்ற ரிப்போர்ட்ல எழுதுவாங்க, சில பீஸ்ல தோல் லூஸா இருக்குன்னு சொல்றாங்களாம். படிக்கறவனுக்கு அது எதுலயுமே பெருசா பிரச்சன இல்லன்ற மாதிரி கேக்கும். 'எ ஃப்யூ பீசஸ்'னு போட்டா தான் அவன் பெட்டிய தொறந்து பாப்பான். நான் சொல்றேன், எக்ஸ்போர்ட்ல இருக்கறவங்க வேற எந்த ஆர்ட்டிகிளும் கத்துக்க வேணாம், இந்த ரெண்டுல எ விடாம இருந்தா போதும்.

தொரப்பாடி குவார்ட்டர்ஸ்:
எங்க பக்கத்து வூட்டு பையன் கதைய சொல்றேன், சிரிக்காதீங்க. அவன் நைனா இங்க சென்ட்ரல் ஜெயில்ல வார்டரு. பையன் கேம்பஸ் இன்டர்வியூல உக்காந்துகினு ஃபேமிலி பத்தி கேட்டதும் 'மை ஃபாதர் ஈஸ் இன் ப்ரிசன் சார், லாஸ்ட் ட்வென்டி இயர்ஸ்'னு பெருமையா சொல்லிக்கீறான். கேட்டவரு பேனாவ கீழ வெச்சிட்டு ரொம்ப மெதுவா, எந்த கேஸ்னு கேட்டாராம். இவனுக்கு இன்னா கேக்கறாருன்னே புரியல, எல்லா கேஸும் சார், மர்டர் கேஸ் கூட இருக்குன்னுட்டான்.

இன் ப்ரிசன்னா உள்ள தண்டனை அனுபவிக்கறான்னு அர்த்தம் வந்துடுது. அந்த எடம் எதுக்காக கீதோ அதுக்காக போனா தி கெடையாது, வேற வேலையா போனா தி வரும். 'இன் ஸ்கூல்'னா படிக்கறவன், 'வென்ட் டு தி ஸ்கூல்'னா ஃபீஸ் கட்டப் போன அப்பன். சர்ச், காலேஜ் எல்லாம் அப்டியே. அவன் 'வொர்க்ஸ் அட் தி சென்ட்ரல் ப்ரிசன்'னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். வேல கெடச்சுதான்னு கேக்காதீங்க, கெடச்சுது, ஆனா வேற கம்பெனில.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு சிக்கல் கீது. பிரிட்டிஷ்காரன் பேஷன்ட்டா படுத்திருந்தா 'இன் ஹாஸ்பிடல்', அமெரிக்காக்காரன் படுத்திருந்தாலும் பாக்க போயிருந்தாலும் 'இன் தி ஹாஸ்பிடல்' தான். அதனால சினிமா பாத்து கத்துக்கினவன் ஒண்ணு சொல்லுவான், ஸ்கூல்ல கத்துக்கினவன் ஒண்ணு சொல்லுவான், ரெண்டு பேரும் கரெக்டு.

காந்தி ரோடு லாட்ஜ்:
நான் ரிசப்ஷன்ல உக்கார்றவன், இங்கிலீஷ் கிளாஸுக்கெல்லாம் போனதில்ல. எனக்கு தி புரிய வெச்சது வங்காளிங்க தான்னு சொன்னா நம்புவீங்களா. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷன்ட்டுங்க கல்கத்தா பக்கம், பங்களாதேஷ்ல இருந்து வந்து மாசக் கணக்குல தங்குவாங்க, நம்ம தெருவுல போர்டு கூட பாதி வங்காளத்துல தானே இருக்கும். வந்த புதுசுல ஒரு பெரியவரு ரூம்டா ரூம்டான்னு சொல்லிகினே இருந்தாரு, அட்வான்ஸ் பத்தி பேசறப்போ டாக்காடான்னாரு (டாக்கான்னா அவங்க பாஷைல காசு), எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு, இன்னாடா இது வயசானவரு வாடா போடான்றாருன்னு. அப்பால தான் இன்னொரு வங்காளி தம்பி வெளக்குனான். ஏக்டா ரூம்னா ஏதோ ஒரு ரூம், எது குடுத்தாலும் சரி. ரூம்டான்னா நாம ஏற்கனவே பேசின அந்த ரூம். டா பின்னாடி ஒட்டுனா இங்கிலீஷ்ல தி போட்ட மாதிரியாம்.

அன்னைலர்ந்து எனக்கு கொழப்பமே இல்ல. முத தடவ கஸ்டமர் வந்து 'ஐ வான்ட் எ ரூம்'ன்னா காலியா கெடக்கற எதையாவது காட்டு. 'ஐ வான்ட் தி ரூம்'ன்னா அவன் போன்ல பேசி வெச்சத கேக்கறான், புக்கிங் நோட்ட தொற. தமிழ்ல நாம இதுக்குன்னு தனியா எதுவும் போடறதில்ல, சும்மா ரூம் வேணும்னு சொன்னா மொகத்த பாத்தே எதுன்னு புரிஞ்சுக்கறோம், அதான் நமக்கு தி வரமாட்டேங்குதுன்னு நெனக்கிறேன்.

சத்துவாச்சாரி டியூஷன் அக்கா:
லாட்ஜ் அண்ணே, நாளைக்கு என் கிளாஸ்ல இத சொல்லப் போறேன், உங்க பேர சொல்லியே.

குடியாத்தம்:
ஊரு பேரு, ஆறு பேருக்கு தி போடறதுல தான் எங்க ஆளுங்க கவுந்துடுவாங்க. ஆத்துக்கு தி உண்டு, தி பாலார். தண்ணி இருக்கணும்னு ரூல்ல இல்ல. மலைக்கூட்டமா இருந்தா தி ஜவ்வாது ஹில்ஸ், ஒத்த மலைன்னா மவுண்ட் எவரெஸ்ட், தி கெடையாது. நாட்டுக்கு பொதுவா வேணாம், ஆனா தீவுக்கூட்டமா இருந்தாலோ பேருக்குள்ள ஸ்டேட்ஸ், கிங்டம், எமிரேட்ஸ்னு ஏதாவது இருந்தாலோ வரும். எங்க தெருவுல ஒரு பொண்ணு எம்பிபிஎஸ் படிக்கறது தி ஃபிலிப்பைன்ஸ், அதே தெருவுல இன்னொரு பையன், அங்க போர் வந்ததும் 2022-ல திரும்பி வந்தவன், படிச்சது உக்ரைன், அதுக்கு தி கெடையாது. முன்னாடி தி உக்ரைன்னு தான் எழுதிகினு இருந்தாங்க, 1991-ல தனி நாடா ஆன பிறகு தி வேணாம்னுட்டாங்க, தி போட்டா ஏதோ இன்னொரு நாட்டோட ஒரு பகுதி மாதிரி கேக்குதுன்னு. அந்த பையன் கிட்ட தி போட்டு சொல்லிப் பாருங்க, இன்னும் கோவப்படுவான்.

காட்பாடி ஹாஸ்டல்:
எல்லாரும் தி விடறதயே சொல்றீங்க, எக்ஸ்ட்ரா போடறவங்கள யாரும் சொல்லலயே. என் ரூம்மேட் ஸ்போக்கன் இங்கிலீஷ் போயிட்டு வந்ததுல இருந்து எத எடுத்தாலும் தி. தி லைஃப் ஈஸ் ஷார்ட், ஐ லைக் தி மியூசிக், லெட் அஸ் ஹேவ் தி லன்ச். பொதுவா பேசறப்ப வேணாம்டான்னா கேக்க மாட்டான், தி போட்டா கெத்தா இருக்குதாம். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் இதுக்கெல்லாம் ஆன், எ போடறத வேற புதுசா ஆரம்பிச்சிருக்கான், 'ஐ வில் கிவ் யூ ஆன் அட்வைஸ்'னு. எண்ண முடியாத சரக்குக்கு எ ஆன் எல்லாம் வராதுன்னு நான் குடுத்த அட்வைஸ் தான் வேஸ்ட். இப்போ எனக்கு ஒரு டவுட்டு, அக்கா. கோட்டைய பத்தி பழைய புக்கு ஒண்ணுல 'ஆன் ஹிஸ்டாரிக் ஃபோர்ட்'னு பாத்தேன். ஹ சத்தம் இருக்கே, எ தானே வரணும்?

சத்துவாச்சாரி டியூஷன் அக்கா:
அந்த காலத்து பிரிட்டிஷ்காரங்க நெறைய பேரு ஹிஸ்டாரிக், ஹோட்டல் மாதிரி சொல்லுல ஹ-வ சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் லேசா தான், அதனால ஆன் ஹோட்டல்னே எழுதியிருப்பாங்க. ஹோட்டலுக்கு இப்போ எ தான். ஹிஸ்டாரிக்குக்கு மட்டும் இன்னும் சில பேரு ஆன் போடறாங்க, தப்புன்னு சொல்லிட முடியாது. நீ எ போடு, எக்ஸாம்ல யாரும் மார்க் கொறைக்க மாட்டாங்க.

தொரப்பாடி குவார்ட்டர்ஸ்:
அக்கா, அப்போ நம்ம யெம்மெல்லேவுக்கும் எ போட்டுக்கலாம்னு ஒரு சலுகை குடுங்களேன்.

சத்துவாச்சாரி டியூஷன் அக்கா:
முடியாது.